தலை போன இரண்டு சாமிகள்: கோலாலம்பூர்ப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா கேட்டுவிட்டார்: "பசியாறிவிட்டாயா, தம்பி?"

மலேசியத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. காலைப் பலகாரத்துக்கே இங்கே பசியாறல் என்றுதான் பெயர். நான் வந்து இறங்கியபோது மணி பதினொன்றரை. விமானத்தில் கொடுத்த ரொட்டித்துண்டைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளச் சித்தப்பா தயாராக இல்லை. தோசை வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தோசை வந்தது.

சித்தப்பா என் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. பிறந்தது, வளர்ந்தது, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றது எல்லாம் இந்த ஊரில்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவர் அப்பாவுக்கு எழுதும் நீலநிறக் கடிதங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "பிள்ளைக்குப் பரீட்சை. மாரியம்மனுக்கு ஒரு மாலை, எதிரே சீனச்சாமிக்கு மூன்று வத்தி." மாரியம்மன் புரிந்தது. எதிரே இருக்கும் சீனச்சாமி யார் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து வந்திருக்கிறேன். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை சீனச்சாமியைப் பார்ப்பதுதான் வேலை என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பிரகாசம். வீட்டில் வேறு யாரும் அவரை இதற்காக எங்கும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதில்லை போலும்.

சாயங்காலம் தெருவைச் சுற்றிவந்தோம். பிரிக்பீல்ட்ஸ் இப்போது பூமாலை, புடவை, முறுக்கு, பழைய பாட்டு என்று முழுக்க நம் ஆட்கள் நடமாட்டம். பெயருக்குக் காரணம் செங்கல் சூளைகள். 1881 ஜனவரியில் கோலாலம்பூரில் பெருந்தீ. அதே வருடம் வெள்ளம். அத்தாப்பு ஓலைக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானபோது இந்தப் பக்கம் சூளை போட்டவர் யாப் ஆ லோய் என்ற சீனர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு நாளில் அவரிடம் வரவேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள்

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே பசார் செனி. இறங்கி ஐந்து நிமிட நடையில் ஜாலான் துன் எச்.எஸ். லீ என்ற தெரு. சித்தப்பா இன்னும் "ஹை ஸ்ட்ரீட்" என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறார்.

முதலில் அம்மன். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தம்புசாமி பிள்ளை 1873இல் தொடங்கியபோது அது வேறு இடத்தில் இருந்தது. இந்தத் தெருவுக்கு வந்தது 1885இல். தைப்பூசத்துக்கு முருகனின் ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். கோபுரத்தில் 228 உருவங்கள் இருக்கின்றனவாம். எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் கழுத்து வலித்து விட்டுவிட்டேன். வெளியே மதிலை ஒட்டிப் பூக்கடைகள். அங்கே நின்று எதிர்ப்புறம் பார்த்தால் சிவப்பும் பொன்னுமாகக் குவான் டி கோயில். அது 1888இல் எழுந்தது. அதாவது, மூன்றே வருட இடைவெளியில் இருவரும் எதிரெதிரே குடிவந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுப் புகையும் ஒரே தெருவில்தான் கலந்துகொண்டிருக்கிறது.

தெருவைக் கடந்தவுடன் பழக்கதோஷத்தில் செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். "போட்டுக்கொள், போட்டுக்கொள்" என்று சித்தப்பா சிரித்தார். இங்கே செருப்போடு போகலாம். ஆனால் வாசற்படியை மிதிக்கக் கூடாது; முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழுப்பியிருக்கும் அந்தக் கட்டையைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டும். உள்ளே போவது வலப்பக்கம், வெளியே வருவது இடப்பக்கம். வலப்பக்கம் டிராகனுடையது, இடப்பக்கம் புலியுடையது. டிராகனின் வாய்க்குள் போய்ப் புலியின் வாய்க்குள்ளிருந்து தப்பி வந்தால் கெட்டது தொலையும் என்பது கணக்கு.

உள்ளே அண்ணாந்து பார்த்தால் ஊதுவத்திச் சுருள்கள். நம் வீட்டுக் கொசுவத்தியைப் பல மடங்கு பெரிதாக்கி, நடுப்புள்ளியைப் பிடித்துத் தூக்கிக் கூம்பாகத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொன்றின் கீழும் உபயதாரர் பெயர் எழுதிய சிவப்புச் சீட்டு ஆடுகிறது. நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அண்ணாந்த வாயை நான் மூடுவதற்குள் ஒரு முழநீளச் சாம்பல் உதிர்ந்து என் தோளில் விழுந்தது. தட்டிவிட்டேன். சட்டையில் மிளகளவுக்கு ஓட்டை. கல்யாணத்துக்கு வைத்திருந்த சட்டை இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பீடத்தில் குவான் யூ. செக்கச்செவேலென்ற முகம், நெஞ்சுவரை இறங்கும் தாடி. மனிதராக இருந்தவர், ஹான் பேரரசு உடைந்து சிதறிக்கொண்டிருந்த காலத்துத் தளபதி. லியூ பெய், சாங் ஃபெய் என்ற இருவரோடும் பீச் மரத்தோட்டத்தில் அண்ணன் தம்பியாகச் சத்தியம் செய்துகொண்டார், பிறந்தது ஒரே நாளில் இல்லையென்றாலும் சாவது ஒரே நாளில் இருக்கட்டும் என்று. சத்தியக் காட்சி பின்னாளில் நாவலில் வந்தது. சகோதரர்களைப் போல் பழகினார்கள் என்பது மட்டும் பழைய வரலாற்றிலேயே இருக்கிறது. சொன்ன வாக்கை மீறாதவர் என்பதால் வியாபாரிகளுக்கு இவர்தான் சாமி. வாக்கும் கணக்கும் ஒன்றுதானே. போலீஸ்காரர்களும் கும்பிடுகிறார்கள், போலீஸ்காரர்கள் தேடும் ரகசியச் சங்கத்தாரும் கும்பிடுகிறார்கள். ஹாங்காங்கில் காவல் நிலையங்களிலேயே இவருக்குப் பீடம் உண்டு. 1614இல் மிங் பேரரசர் இவருக்குப் பேரரசர் பட்டமே கொடுத்தார். குவான் டி என்பதில் இருக்கும் 'டி' அதுதான்.

இவ்வளவு பெருமை பெற்றவரின் கடைசி நாட்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். படுதோல்வி. அதுவும் தன் வாயால் கெட்ட தோல்வி. பக்கத்து அரசன் சுன் சுவான் தன் மகனுக்கு இவருடைய பெண்ணைக் கேட்டுத் தூது அனுப்பியபோது, தூதனைத் திட்டித் துரத்திவிட்டார். புலியின் மகளை நாயின் மகனுக்குக் கொடுப்பேனா என்றாராம் நாவலில். வடக்கே சண்டையில் மும்முரமாக இருந்தபோது அந்த நாய் பின்னாலிருந்து வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டது. குவான் யூ சிக்கினார். தலையை வெட்டி ஒரு பக்கம் அனுப்பினார்கள். உடல் ஒரு பக்கம் கிடந்தது. தலைக்கு லுவோயாங்கில் ஒரு சமாதி, உடலுக்குத் தாங்யாங்கில் ஒரு சமாதி. இன்றைக்கும் இரண்டுக்கும் யாத்திரை போகிறார்கள்.

'மூன்று அரசுகளின் கதை' நாவலில் இதற்குப் பிறகு வரும் ஒரு காட்சியைத்தான் அந்தப் பீடத்தின் முன் நின்றபோது நினைத்துக்கொண்டிருந்தேன். தாங்யாங் பக்கத்து மலை ஒன்றில் ஒரு துறவி இரவில் தியானத்தில் இருக்கிறார். ஆகாயத்திலிருந்து குரல்: "என் தலையைத் திருப்பிக் கொடு!" குவான் யூவின் ஆவி. துறவி அசரவில்லை. உன் தலையை நீ கேட்கிறாய். நீ வெட்டினாயே யென் லியாங், வென் சோவ், இன்னும் ஆறு தளபதிகள், அவர்கள் தங்கள் தலையை யாரிடம் போய்க் கேட்பது? ஆவிக்கு அந்த இடத்தில் உறைக்கிறது. வணங்கிவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகுதான் ஊரார் அங்கே கோயில் கட்டுகிறார்கள். எனக்கென்னவோ அந்தச் செம்முகப் போர்வீரன் சாமியானது போர்க்களத்தில் இல்லை, அந்தப் பதில் சொல்ல முடியாத கேள்வியின் முன்னால்தான் என்று படுகிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "நீ நிறையப் படிக்கிறாய். வாளைத் தொடு, வா" என்றார்.

வாள் என்று பழக்கத்தில் சொல்கிறார்களே தவிர, அது நீண்ட கம்பின் நுனியில் பிறைபோல் வளைந்த அலகு பொருத்திய ஆயுதம். குவான் தாவ் என்கிறார்கள். எடை 59 கிலோ. தொட்டாலே நல்லது, தூக்கினால் இன்னும் நல்லது. எனக்கு முன்னால் நின்ற பையன் கையிரண்டையும் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் உயர்த்திவிட்டான். அம்மா கைதட்டினாள். என் முறை வந்தது. பிடிக்கும் இடம் மட்டும் எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்று மின்னுகிறது. உலோகம் என்று தோன்றாமல் தேய்ந்த உலக்கைபோல் கைக்குப் பழகியதாக இருந்தது. தூக்கினேன். அசைந்தது என்று நான் சொல்கிறேன். இல்லை என்று சித்தப்பா சொல்கிறார். இதில் மூன்றாவது சாட்சி கிடையாது.

அவர் தூக்க முயலவே இல்லை. இரண்டு விரலால் அலகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், விபூதித் தட்டைத் தொடுவதுபோல.

பிறகு குறி. மூங்கில் குவளையில் எண் எழுதிய குச்சிகள். மண்டியிட்டு, மனதில் கேள்வியை நினைத்து, ஒரு குச்சி மட்டும் வெளியே விழும்வரை குலுக்க வேண்டும். விழுந்த குச்சி சரிதானா என்று சாமியிடமே கேட்க, பிறைவடிவில் இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. இரண்டையும் கீழே போட்டு, ஒன்று தட்டை, ஒன்று உருண்டை என்று விழுந்தால் சம்மதம். இரண்டும் உருண்டை மேலாக விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். நம் ஊர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்க்கிறோமே, சிவப்பா வெள்ளையா என்று, அங்கே அம்மன் சிரிப்பதற்கு வழியே இல்லை.

நான் போட்டேன். சிரித்தார். மறுபடி குலுக்கி, மறுபடி போட்டேன். மறுபடியும் சிரித்தார். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் சிரிக்கக்கூடிய கேள்விதான். மூன்றாம் முறை சம்மதம் வந்தது. குச்சியின் எண்ணுக்குரிய சீட்டில் நாலு வரிச் சீனச் செய்யுள். அங்கிருந்த பெரியவர் அதைக் கண்டோனீஸில் இழுத்து வாசித்தார், சித்தப்பாவுக்காக மலாயில் விளக்கினார், சித்தப்பா எனக்குத் தமிழில் சொன்னார். பெரியவர் பேசியது ஐந்து நிமிடம். மலாயில் அது இரண்டு நிமிடமானது. தமிழில் வந்து சேர்ந்தது ஒரே சொல்: "பொறு."

மூன்றாம் நாள்

குவான் யூ சீனாவில் இறந்து, அங்கேயே சாமியாகி, கப்பலேறி இங்கே வந்தவர். இன்றைக்குப் பார்த்த சாமி அப்படியில்லை. பிறந்தது சீனாவில், சாமியானது இந்த மண்ணில்.

லெபு பூடு என்ற தெருவில் கடைகளுக்கு நடுவே ஒரு வாசல். கவனிக்காமல் இரண்டு முறை தாண்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் இன்னொரு குழப்பம்: தெரு ஒரு பக்கம் போகிறது, கோயில் வேறு பக்கம் பார்த்துக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தெருவுக்காகத் திரும்பவில்லை, திசை பார்த்து வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது, ஊர்தான் அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. சின் சே சி யா கோயில். தொடக்கம் 1864. நேற்றுப் பார்த்த இரண்டு கோயில்களையும்விட மூத்தது.

அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று சொன்னால்தான் கோயில் புரியும். 1857இல் கிள்ளான் ஆற்றின்மேல் படகில் வந்து, அம்பாங் காட்டில் வெள்ளீயம் தோண்ட இறங்கிய சீனர்கள் 87 பேர். ஒரே மாதத்தில் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிச்சம் 18. அதற்குப் பின்னும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கோலாலம்பூரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அப்படி வந்த ஹக்கா என்ற சீனப் பிரிவினரில் ஒருவர்தான் யாப் ஆ லோய். 1862இல் இங்கே வந்தவர், ஆறேழு வருடத்தில் சீனர்களின் தலைவரானார். கப்பித்தான் என்பது பதவியின் பெயர்.

அதற்கு முன்னால் அவர் சுங்கை உஜோங்கில் இருந்தார், இன்றைய செரம்பான். அங்கே கப்பித்தானாக இருந்தவர் ஷின் காப். இயற்பெயர் ஷெங் மிங் லீ. யாப் ஆ லோய் அவருக்குக் கீழே ஆயுதம் ஏந்திய காவல் ஆட்களில் ஒருவர். ஈயத்துக்கு வரி தண்டும் உரிமையில் மலாய்த் தலைவர்களுக்குள் பூசல் மூண்டது. சீனர்களும் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். 1860இல் சண்டை. ஷின் காப்பின் பக்கம் தோற்றது. தப்பி ஓடியவரைப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். யாப் ஆ லோய் காயத்தோடு உயிர் பிழைத்தார்.

வெட்டிய கழுத்திலிருந்து வெள்ளை ரத்தம் பீறிட்டது என்கிறது கதை. வெட்டியவர்களே நடுங்கிவிட்டார்களாம். நம் பக்கம் நடந்திருந்தால் பால் வடிந்தது என்று சொல்லியிருப்பார்கள். ஊர் அவரைக் கும்பிடத் தொடங்கியது. கோலாலம்பூரில் யாப் ஆ லோய் போர் செய்தபோதெல்லாம் இந்தப் பழைய எசமானர் கனவில் வந்து வழி சொன்னார் என்றும், அதனால்தான் வெற்றி கிடைத்தது என்றும் நம்பிக்கை. கோயில் பெயரில் வரும் 'சின் சே யா' இவர். 'சி சே யா' இன்னொருவர், யாப் ஆ லோயின் தோழர் யாப் சி. ஷின் காப்புக்குப் பிறகு கப்பித்தான் பதவி இவருக்குத்தான் வந்தது. அதை யாப் ஆ லோய்க்கு விட்டுக்கொடுத்தார். பின்னாளில் காஞ்சிங் பக்கம் எதிரிகள் இவரையும் கொன்றுவிட்டார்கள். சாமி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வீற்றிருக்கிறார்கள். இருவரும் எதிரிகள் கையில் செத்தவர்கள்.

பிரதான பீடத்துக்கு அடியில் மூன்று முறை தவழ்ந்து போனால் பீடை விலகும் என்றார் சித்தப்பா. அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஆகவே குடும்பத்தின் சார்பில் நான். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சரசரவென்று மூன்று சுற்று முடித்துவிட்டுப் போனாள். நான் குனிந்தேன். பீடத்தின் கீழே அரையிருட்டு. மெழுகும் எண்ணெயும் கலந்த வாசனை. தரை மட்டும் தவழ்ந்தவர்களின் துணியாலேயே துடைபட்டுப் பளபளக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் வெளியே நிற்பவர்களின் கால்கள்: ரப்பர் செருப்பு, அலுவலகத்துக் கருப்புக் காலணி, சித்தப்பாவின் வெள்ளைச் சாக்ஸ். தலைக்குமேல் பழங்களையும் தேநீரையும் யாரோ அடுக்கும் சத்தம். சாமியின் மடிக்குக் கீழே ஒரு குழந்தையாக இருந்து ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது. இரண்டாவது சுற்றில் நிமிர்ந்துவிட்டேன். மடார் என்று மண்டையில் இடி. தலை போன சாமிக்குக் கீழே தலையை இடித்துக்கொண்ட முதல் ஆள் நானாக இருக்கமாட்டேன்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பார்த்தால், பீடத்தின் இடப்பக்கம் யாப் ஆ லோயின் சிலை. கோயிலைக் கட்டியவர், ஊரைக் கட்டியவர், ஓரமாக இருக்கிறார்.

அவர் லேசான ஆள் இல்லை. சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் 1872இல் ஊர் கைமாறி எரிந்து சாம்பலானது. மறுவருடம் பகாங் படையின் துணையோடு மீட்டார். எதிரியின் தலைக்கு வெள்ளி எண்ணிக் கொடுத்தார் என்ற பேச்சும் உண்டு. சுரங்கத்தைத் திரும்பத் திறந்து, கடன் வாங்கி, ஈயம் விலையேறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். 1885இல் இறந்தார். மாரியம்மன் ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்த அதே வருடம். ஒரு ஊரை இரண்டு முறை கட்டிய மனிதருக்கு ஓரத்துப் பீடம். சண்டையில் தோற்று ஓடிப் பிடிபட்டவருக்கு நடுப்பீடம். அதுவும் அவரை நடுவில் வைத்தவர் இவரேதான்.

"ஏன் சித்தப்பா, ஜெயித்தவரை அல்லவா நடுவில் வைத்திருக்க வேண்டும்?"

அவர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கள் அப்பா லயத்துப் பிள்ளை. ரயில்வேக்கு வருமுன் தோட்டத்தில் இருந்தார். தோட்டத்து எல்லையில் மதுரை வீரன் இருந்தார்" என்றார். "மாறுகால் மாறுகை வாங்கிய ஆளைத்தானே கொண்டுவந்து காவலுக்கு வைத்தோம். வெட்டச் சொன்ன ராஜாவுக்கு யார் பொங்கல் வைத்தார்கள்?"

இதற்கு மறுப்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் முழுதாகச் சமாதானமும் ஆகவில்லை. தோற்றவர்களெல்லாம் சாமியாகிவிடுவதில்லையே. அந்த 69 பேருக்கு எங்கே பீடம்?

திரும்பும்போது ஜாலான் யாப் ஆ லோய் எங்கே என்று கேட்டேன். "இப்போது கடந்தோமே, அதுதான்" என்றார் சித்தப்பா. திரும்பிப்போய்ப் பார்த்தேன். அவ்வளவு குட்டித் தெரு. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் ஆசி சொல்வார்கள்.

நான்காம் நாள்

மழை. நெற்றியில் புடைப்பு. சித்தி மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். சட்டை ஓட்டையையும் தைத்துக் கொடுத்துவிட்டு, "சாமி வேண்டாம் என்கிறார், நீங்கள் இருவரும் விடுவதாக இல்லை" என்றார். மதியம் மழை விட்ட இடைவெளியில் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அந்தப் பெயர்) தே தாரிக், இழுத்து ஆற்றிய பால்தேநீர். வேறொன்றும் நடக்கவில்லை.

ஐந்தாம் நாள்

சித்தப்பா ரயில்வேக்காரர், காரில் போகலாம் என்று நான் சொன்னதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். கொமியூட்டர் ரயிலில் செரம்பானுக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு நிலையத்திலும் அங்கே முன்பு என்ன இருந்தது, எந்தப் பாதையை எடுத்துவிட்டார்கள், யார் எந்தக் கொடியைக் காட்ட மறந்து என்ன ஆனது என்று எனக்குப் பாடம். பாதி தூரத்துக்குமேல் அவரே தூங்கிவிட்டார்.

செரம்பானில் ராசா என்றொரு பகுதி. அங்கே இருக்கிறது சியென் கு கோயில். ஷின் காப்பை வைத்து வழிபடும் கோயில்களுக்கெல்லாம் இதுதான் தாய்வீடு என்கிறார்கள். பெயருக்கு 'ஆயிரங்காலம்' என்று பொருள் சொல்லலாம். நாம் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் சொல்லை இவர்கள் வெட்டுப்பட்டவருக்கு வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனபோது கூட்டமில்லை. கோலாலம்பூரில் இருந்த நெரிசலும் புகையும் இல்லாமல், ஒரு வீட்டுக் கூடத்துக்குள் வந்ததுபோல் இருந்தது. முதியவர் ஒருவர் சாம்பல் கிண்ணத்திலிருந்து எரிந்து முடிந்த வத்திக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். களை எடுக்கும் நிதானம். சாம்பல் கிளறாமல், பக்கத்தில் எரியும் வத்தி சாயாமல், இரண்டு விரலால். கை நிறைந்ததும் தகர டின்னில் போட்டுவிட்டு மறுபடி. நாங்கள் வத்தி ஏற்றி மூன்று முறை வணங்கி, கிண்ணத்தில் ஊன்றினோம். நான் ஊன்றியது சாய்ந்தது. அவர் பேசாமல் நிமிர்த்தி வைத்தார்.

சித்தப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். இரண்டு கிழவர்களும் மலாயும் கண்டோனீஸும் கலந்து பேச, நான் தூணில் சாய்ந்து கேட்டேன். ரயில், முழங்கால், பேரப்பிள்ளைகள், மழை. எல்லாம் முடிந்ததும் என் பொருட்டுச் சித்தப்பா கேட்டார்: ரத்தம் உண்மையிலேயே வெள்ளையாகத்தான் வந்ததா?

முதியவர் குச்சி பிடுங்குவதை நிறுத்தவில்லை. ஏதோ சொன்னார். சித்தப்பா சிரித்தார்.

"என்ன சொல்கிறார்?"

"'நான் வேலைக்கு வந்தது பின்னால்தான்' என்கிறார்."

அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. கிளம்பும்போது பீடத்திலிருந்து நான்கு ஆரஞ்சுகளை எடுத்து, ஆளுக்கு இரண்டாகக் கையில் வைத்தார். இரட்டையாகத்தான் கொடுக்க வேண்டும், ஒற்றையாகக் கொடுக்கக் கூடாதாம். காசு கொடுக்கப்போனேன், உண்டியலைக் காட்டினார். ஐந்து வெள்ளி (ரிங்கிட்டுக்கு இங்கே அந்தப் பெயர்) போட்டேன். சித்தப்பா பத்து போட்டார், நான் பார்க்காத நேரமாகப் பார்த்து.

ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த பாவ், உள்ளே பூரணம் வைத்த சீன ரொட்டி, வாங்காமல் செரம்பானை விட்டுப் போகக் கூடாது என்று சித்தியின் உத்தரவு. வரிசையில் நின்று வாங்கினோம். அதில் கொஞ்சம் நேரம் போனதால் ஒரு ரயில் போய்விட்டது. அடுத்ததும் தாமதம். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தோம். சித்தப்பா தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக உரித்து, தண்டவாளத்துக்குமேல் தூக்கிப்பிடித்துக் காட்டினார். கோயில் கூரையில் தொங்கிய வத்திச் சுருள்போலவே இருந்தது. ரயில்வேயில் இருந்த காலத்தில் இரவுப் பணியில் கற்றுக்கொண்ட வித்தையாம்.

என் பழத்தில் கொட்டை அதிகம். அவருடையது நல்ல இனிப்பு என்றார்.